சாட்டின் கவுனில் ஒரு பொட்டு மஞ்சள்

1

வருகிற சனிக்கிழமையோடு அந்த கவுனுக்கு ஒரு வயது நிறைகிறது. பிறந்தநாள், கல்யாண நாள், ஊரைவிட்டுக் கிளம்பிய நாள் இவற்றோடு இதையும் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு என் மனைவி லூர்துமேரி, "ஏனுங்க, துணிக்கெல்லாம் பொறந்தநாளு பாக்கற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தருதானுங்க" என்றாள்.

"கொண்டாடவில்லை, குறித்துத்தான் வைத்தேன்" என்றேன்.

"ஒரு கேக்கு வாங்கியாந்தாலும் பரவால்லீங்க. குறிச்சு வெச்சா யாரு திங்கறது?"

சேலத்தில் நூற்பாலை வேலையை விட்டுவிட்டு நாங்கள் கப்பல் ஏறியது 1958-இல். இப்போது இங்கிலாந்தின் வடக்கே, கம்பளி ஆலைகள் நிறைந்த ஒரு சிறு ஊரில் இருக்கிறோம். ஊரின் பெயரை எழுதினால் நீங்கள் வரைபடத்தில் தேடுவீர்கள். கிடைக்காது, எனக்கும் கிடைக்கவில்லை. வேலை அதே வேலைதான். அங்கே பஞ்சு மூக்கில் ஏறியது, இங்கே கம்பளி ஏறுகிறது. வெயில் மட்டும்தான் பெரிய வித்தியாசம். ஓமலூர் ரோட்டில் சித்திரை மாதம் சைக்கிள் மிதித்தவனுக்கு வெயில் என்பது தப்பித்து ஓட வேண்டிய ஒன்று. இங்கே அது விருந்தாளி. வந்தால் தெருவே வாசலுக்கு வந்து நின்று விசாரிக்கும். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் வெயிலுக்கு வேலை இருக்கிறது.

எங்களுக்கு ஒரே மகள், ஸ்டெல்லா. போன வருடம் அவளுக்குப் பதினைந்து வயது. ஊரிலிருந்து வரும்போது சின்னப் பெண்ணாக, "வாரேனுங்க, போறேனுங்க" என்று தெரு நாய்க்குக்கூட மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தவள். இப்போது வீட்டில் நாங்கள் தமிழில் கேட்கிறோம், அவள் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். சண்டை போடும்போது மட்டும் தமிழ் வரும். அதனால் லூர்து அவ்வப்போது வேண்டுமென்றே ஒரு சண்டை மூட்டுவாள்.

2

ஸ்டெல்லா படிக்கும் பள்ளி விக்டோரியா மகாராணியின் கடைசிக் காலத்தில் தொடங்கியது. அதன் ஆண்டுவிழாவுக்கு அந்தக் காலத்து விருந்து நடனம் ஒன்றை மேடையேற்ற முடிவுசெய்தார்கள். முன்வரிசையில் ஆடுகிறவர்களில் ஸ்டெல்லாவும் ஒருத்தி. முன்வரிசைக்காரிகள் அந்தக் காலத்து மாலை விருந்து கவுன் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்றார் மிஸ் வேட் என்ற ஆசிரியை.

எங்கள் அடுத்த வீட்டு மிஸஸ் டாப்ஸன் இதைக் கேள்விப்பட்டதும் மாடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார். உள்ளே அவருடைய அம்மாவின் கவுன். பால் வெள்ளைப் பட்டு. கைகள் பூசணி மாதிரி உப்பியிருந்தன. இடுப்பு ஒரு பிடி. பாவாடை முன்னால் ஒழுங்காக விழுந்து, பின்னால் தரையில் ஒரு கஜம் நீளத்துக்கு வாலாக இழுபட்டது. ஆனால் தொட்ட இடமெல்லாம் பட்டு அப்பளம்போல் நொறுங்கியது. போட முடியாது. பார்த்து இன்னொன்று தைக்கலாம்.

லூர்து அதன் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். "இது எங்க சின்னம்மா ஜாக்கெட்டு கைதானுங்க!"

பரமத்தி வேலூரில் இருந்த அவளுடைய சின்னம்மா, இதே மாதிரி உப்பிய கை வைத்த ஜாக்கெட் போட்டுக்கொண்டு நாமக்கல் பஸ்ஸில் ஏறுவாராம். "கைக்குத் தனியா ஒரு டிக்கெட் போடட்டுங்களா?" என்று கண்டக்டர் கேட்பாராம். லண்டன் சீமாட்டிகளின் தோளிலிருந்து வேலூர் வெற்றிலைக் கொடிக்கால் வரைக்கும் அந்தக் கை எப்படி வந்து சேர்ந்தது என்று நான் நூலகத்தில் சில புத்தகங்கள் புரட்டினேன். விக்டோரியாவின் கடைசிப் பத்து வருடங்களில் கை எந்த வருடம் உப்பியது, எந்த வருடம் வற்றியது என்பதெல்லாம் கிடைத்தது. வேலூர் கிடைக்கவில்லை. லூர்துவிடம் வாசித்துக் காட்டினேன். "வத்தறதுக்குள்ள தெச்சாகோணும். அந்த டேப்ப இப்படி எடுங்க" என்றாள்.

கல்யாணத்துக்கு முன்பு அவள் சேலத்தில் மடத்துக் கன்னியர்களிடம் தையல் படித்தவள். இங்கே கோட்டுகளுக்கு உள்துணி தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். உள்துணி நன்றாக இருந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். மோசமாக இருந்தால்தான் பார்ப்பார்கள். இந்த ஊர் வெளிப்பக்கத்தில் பார்க்கப்போகிற அவளுடைய முதல் தையல் இந்த கவுன்தான்.

அளவெடுத்த அன்று மாலை, ஸ்டெல்லாவோடு பேசியபடி வாசல் வரை வந்தார் மிஸ் வேட். கவுன் ஏற்பாடு ஆயிற்றா என்று அவர் கேட்டது எங்கள் காதில் விழுந்தது. "ஆகிவிட்டது மிஸ். எங்களுக்குத் தெரிந்த ஒரு தையல்காரி தைக்கிறார்" என்றாள் ஸ்டெல்லா.

சமையலறையில் நான் லூர்துவைப் பார்த்தேன். அவள் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்ச தையக்காரிதானுங்களே. பொய்யா சொன்னா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, நான் எதுவும் கேட்காமலே, "கவுனு நல்லா வரட்டும். அவளே சொல்லுவா பாருங்க" என்றாள்.

அதன் பிறகு அவள் ஊசியைப் பிடித்த பிடியே வேறு.

3

முதலில் ஒரு மாதிரி தைத்துப் பார்க்க வேண்டுமே. நாங்கள் கொண்டுவந்திருந்த ஜலகண்டாபுரத்துப் பெட்ஷீட் ஒன்று தியாகம் செய்யப்பட்டது. நீலமும் பச்சையுமாகக் கோடு போட்டது. அதில் ஸ்டெல்லா வாலை இழுத்துக்கொண்டு நடந்தபோது, மகாராணி சேலம் ஜங்ஷனில் படுத்துத் தூங்கிவிட்டு எழுந்து வந்தமாதிரி இருந்தது. நான் சிரித்தேன். "அப்பாவ வெளிய அனுப்புங்க" என்றாள் ஸ்டெல்லா, தமிழிலேயே.

பிறகு கழுத்துப் பிரச்சினை. அந்தக் காலத்து மாலை உடையின் கழுத்து, கழுத்து இருக்கும் இடத்தில் தொடங்குவதில்லை. நான் என் கருத்தைச் சொன்னேன். கொஞ்சம் நீளமாகவே சொன்னேன் போலிருக்கிறது. மிஸஸ் டாப்ஸன் கேட்டு முடித்துவிட்டு, "என் அம்மா எங்கள் கோயில் மூப்பரின் மனைவி. இதே கழுத்தோடுதான் மேயர் விருந்துக்குப் போனாள். கூரை இடிந்து விழவில்லை, அம்மிணி" என்றார். என்னைத்தான் அம்மிணி என்றார். இங்கே பால்காரரிலிருந்து பஸ் நடத்துநர் வரைக்கும் ஆண் பெண் பார்க்காமல் அழைக்கும் ஒரு செல்லச் சொல் உண்டு. எங்கள் பக்கத்து 'அம்மிணி'யைத் தவிர அதற்குச் சரியான தமிழ் எனக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒரு லேஸ் பட்டையில் சமாதானம் ஆனோம்.

சாட்டின் வாங்கி வந்த மறுநாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் புதுத்துணிக்குக் கத்தரி வைக்க முடியாது என்று லூர்து சொல்லிவிட்டாள். எந்தத் திருச்சபை விதியில் இது இருக்கிறது என்று கேட்டேன். "எங்க ஊட்டு விதியிலிங்க" என்றாள். புதன்கிழமை வெட்டினாள்.

உடம்போடு ஒட்டும் மேல்பாகம் நிமிர்ந்து நிற்பதற்கு உள்ளே எலும்பு வைத்துத் தைக்க வேண்டும். அந்தக் காலத்தில் திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுத்தார்களாம். "நம்மூரா இருந்தா நாலு ஈர்க்குச்சி போதுமுங்க" என்று லூர்து பெருமூச்சு விட்டாள். மிஸஸ் டாப்ஸன்தான் உதவினார். உள்ளே எலும்புப் பட்டைகள் வைத்த தன்னுடைய பழைய இடுப்புக்கச்சை ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி, வேலையிலிருந்து வந்துகொண்டிருந்த என்னிடம் தெருமுனையில் கொடுத்தார். ஒரு பெண்மணியின் உள்ளுடுப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டப்பகலில் நான் தெருவில் நடந்தது என் வாழ்க்கையிலேயே அன்று ஒரு நாள்தான். "தேதி குறிச்சுட்டீங்களா?" என்றாள் லூர்து.

மூல கவுனின் உள்ளே, இடுப்புப் பக்கம் ஒரு நாடா தைத்திருந்தது. போடும்போது முதலில் அதைத்தான் கட்ட வேண்டும். கவுனின் பாரத்தை அது தாங்கிக்கொள்ளும். பிறகு முதுகில் கொக்கிகளை மாட்டலாம். அந்த நாடாவில் தங்க எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. தைத்தவரின் பெயர். அந்தக் காலத்துத் தையல் நிலையங்களின் வழக்கம் அது என்று நானும் படித்திருந்தேன். லூர்து நாடாவையும் அப்படியே பார்த்துத் தைத்தாள்.

"இதில் உன் பெயரைப் பின்னிவிடேன்" என்றார் மிஸஸ் டாப்ஸன்.

லூர்து ஸ்டெல்லாவைப் பார்த்தாள். ஸ்டெல்லா காலண்டரைப் பார்த்தாள். "யாரும் உள்ளே பார்க்கப்போவதில்லையே" என்றாள்.

நாடா வெறுமையாகவே இருந்தது.

4

இந்த இடத்தில் ஒரு பார்சலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலூரிலிருந்து என் மைத்துனர், தன் வயலில் விளைந்த மஞ்சளை அரைத்து, ஒரு துணிப்பையில் கட்டி அனுப்பியிருந்தார். சுங்க அலுவலகத்திலிருந்து என்னை அழைத்தார்கள். மேசைமேல் பை அவிழ்ந்து கிடந்தது. அதிகாரியின் இரண்டு விரல்கள் மஞ்சளாக இருந்தன. கைக்குட்டையும் மஞ்சள். மூக்கு நுனியும்.

"இது என்ன உபயோகத்துக்கு?"

உண்மை பேசும் பழக்கத்தால் நான் வரிசையாகச் சொன்னேன்: சமையலுக்கு, குளிக்க, வெட்டுக்காயத்துக்கு, சளிக்குப் பாலில், புதுத்துணிக்கு ஓரத்தில்.

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "படிவத்தில் ஒரு வரிதான் இருக்கிறது. ஒன்றைச் சொல்லுங்கள்."

சமையல் என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து லூர்துவிடம் இதைச் சொன்னபோது, "துணிக்கின்னும் சொல்லியிருக்கலாமில்ல" என்றாள். அப்போது எனக்கு அது ஒரு தகவலாகத் தோன்றவில்லை.

5

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புதுத்துணியை அப்படியே உடுத்தக் கூடாது. ஓரத்தில் ஒரு பொட்டு மஞ்சள் தொட்டு வைத்த பிறகுதான் உடம்பில் போட வேண்டும். சேலத்தில் எங்கள் மாதா கோயில் பங்கிலும் முக்கால்வாசி வீடுகளில் இது உண்டு. முதன்முதலாக நற்கருணை வாங்கப் போட்டுக்கொண்ட ஸ்டெல்லாவின் புதுநன்மை ஃபிராக்கிலும் உள்மடிப்பில் ஒரு பொட்டு இருந்தது. முழுக்க வெள்ளையாக இருக்க வேண்டாமா என்று ஒரு கன்னியர் கேட்டதற்கு, "பாவம் இல்லாத மாதிரி இருந்தாப் போதாதுங்களா சிஸ்டர், கண்ணும் படாம இருக்கோணுமில்ல" என்று லூர்து பதில் சொன்னாள். இந்த ஊரில் ஸ்டெல்லாவின் பள்ளிச் சீருடைகளிலும் பொட்டு இருந்திருக்கிறது. கரு நீலத் துணியில் அது தெரியவில்லை. அவ்வளவுதான்.

விழா சனிக்கிழமை. புதன்கிழமை மாலை கவுன் முடிந்தது. கடைசிக் கொக்கியைத் தைத்த கையோடு லூர்து உள்ளே போய், ஈர விரலில் மஞ்சளைத் தொட்டு, தரையில் இழுபடும் அந்த வாலின் அடிப்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தாள். அதைவிட மறைவான இடம் அந்த கவுனில் கிடையாது.

ஸ்டெல்லா போட்டுப் பார்த்தாள். நான் புத்தகத்தில் பார்த்த படங்கள் எல்லாம் தோற்றன. மிஸஸ் டாப்ஸன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கே, நடனம் ஆடிக் காட்டு அம்மிணி" என்றார்.

வாலை இழுத்துக்கொண்டு நடனம் ஆட முடியாதல்லவா? அதற்காகவே அந்தக் காலத்து கவுன்களில் வால் ஓரத்தில் ஒரு நாடா வளையம் உண்டு. அதை மணிக்கட்டில் மாட்டி வாலைத் தூக்கிக்கொண்டுதான் ஆடுவார்கள். மூல கவுனில் இருந்ததால் லூர்துவும் வளையம் வைத்திருந்தாள். அது எதற்கென்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. புத்தகம் படித்த நானும்தான். ஸ்டெல்லா வளையத்தை மாட்டினாள், கையை உயர்த்தினாள், சுழன்றாள். வாலின் அடிப்பக்கம் முழுவதும் வெளியே விரிந்தது. நடுவில் எட்டணா அகலத்துக்கு, வேலூர் வயலின் மஞ்சள்.

"அம்மா! என்னம்மா இது?" தமிழ் வந்துவிட்டது.

"மஞ்சளு சாமி. கோடித்துணியில்ல?"

"இது கோடித்துணி இல்லம்மா, மேடைக்குப் போடறது! இத்தன பேரு பாப்பாங்க. நா என்னன்னு சொல்றது? சொல்லுங்க, என்னன்னு சொல்றது?"

"புதுசுதானே சாமி. மேடைன்னா கண்ணு படாதா?"

ஸ்டெல்லா மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். லூர்து அசையாமல் நின்றாள். கறைக்காக அல்ல. கவுன் நன்றாக வந்தால் மகளே சொல்லுவாள் என்று எண்ணியிருந்தவள், தன் விரலாலேயே அதைக் கெடுத்துக்கொண்டோமே என்று நின்றாள். "அவ இனி எங்கிங்க சொல்லப்போறா?" என்றாள்.

மிஸஸ் டாப்ஸன் செயல்வீரர். நாங்கள் தடுப்பதற்குள், சலவை சோப்பையும் தண்ணீரையும் கொண்டுவந்து கறையில் நன்றாகத் தேய்த்தார். அடுத்த நொடி மஞ்சள் பொட்டு ரத்தச் சிவப்பாக மாறி இரண்டு மடங்கு பரவியது. அவர் சோப்பைக் கீழே போட்டுவிட்டுத் தன் கையைப் பார்த்தார். எங்கோ வெட்டிக்கொண்டோம் என்று நினைத்துவிட்டார்.

"போச்சு! ஆரத்தி கரைச்சுட்டாங்க" என்றாள் லூர்து. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது நமக்குத் தெரியும். சோப்பும் அதையே செய்யும். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. ஆனால் சத்தம் மாடிக்குக் கேட்கக் கூடாது என்று இருவரும் அடக்கிக்கொண்டோம்.

எலுமிச்சம்பழம் பிழிந்ததும் சிவப்பு மறுபடியும் மஞ்சள் ஆயிற்று. இனி அதைப் போக்க ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. சேலத்தில் என்றால் மொட்டை மாடியில் காயப் போட்டுவிட்டு சமைக்கப் போயிருப்பாள், சோறு வேகும் நேரத்தில் வெளுத்திருக்கும். மஞ்சள் எதற்கும் அஞ்சாது, வெயிலுக்கு அஞ்சும்.

மார்ச் மாதம். வடக்கு இங்கிலாந்து. வியாழக்கிழமை முழுவதும் தூறல்.

6

வெள்ளிக்கிழமை நடந்ததை நான் பார்க்கவில்லை, ஆலையில் இருந்தேன். மாலையில் தெருவே சொன்னது. காலையில் மிஸஸ் டாப்ஸனின் முன்னறை ஜன்னலில் கொஞ்சம் வெயில் தலைகாட்டியிருக்கிறது. லூர்து வேலைக்குப் போகாமல் கவுனைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடியிருக்கிறாள். வெயில் நகர்ந்து பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனது. இருவரும் கவுனோடு பின்னாலேயே போயிருக்கிறார்கள். அங்கிருந்து தெருமுனை ரொட்டிக்கடை. பிறகு எதிர்வரிசை. விக்டோரியா காலத்து விருந்து கவுனின் வாலை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இரண்டு பெண்கள் தெருவில் வெயிலைத் துரத்துவதைப் பார்த்து, தபால்காரர் சைக்கிளிலிருந்து இறங்கி ஒரு ஓரத்தைப் பிடித்தாராம்.

"எத்தன பேருக்கு 'தேங்க்ஸுங்க' சொன்னேன்னு எனக்கே தெரியலீங்க" என்றாள் லூர்து. இங்கிலீஷுக்கும் 'ங்க' போடுவது அவள் வழக்கம். அது ஸ்டெல்லாவுக்கு ஆகாது. யார் முன்னாலும் உடனே திருத்திவிடுவாள்.

வாலைத் திருப்பிக் காட்டினாள். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினேன். பொட்டு போயிருந்தது.

சனிக்கிழமை காலை. கட்டில்மேல் கவுன் பரவிக் கிடந்தது. ஸ்டெல்லா குளித்துவிட்டு வந்து வாலின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். எதுவும் இல்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் கையை நீட்டி கவுனை எடுக்கவில்லை. உள்பாவாடையோடு சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

"நேரமாச்சு, போடு சாமி" என்றாள் லூர்து.

"வெக்கலியாம்மா?"

"என்ன வெக்கிறது?"

"மஞ்சளு."

லூர்து என்னைப் பார்த்தாள். நான் அறை வாசலிலிருந்து அவளைப் பார்த்தேன். ஒரு தெருவையே கூட்டிப் போக்கிய மஞ்சள்.

"அய்ய! வேண்டாமின்னுதானே மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்ட? ஊரே சேந்து வெளுத்துக் குடுத்திருக்குது. இனி எங்க வெக்கிறது, உம் மூக்கு மேலயா?"

"எனக்குப் பயமா இருக்குது. இத்தன பேரு முன்னால... புதுத்துணியெ நா அப்பிடியே போட்டதே இல்லீல்ல." சொல்லிவிட்டு, அவளே கவுனின் மேல்பாகத்தைத் திறந்து, உள்ளே இருந்த இடுப்பு நாடாவை விரித்துப் பிடித்தாள். மூல கவுனில் தங்க எழுத்து இருந்த இடம். "இங்க வெய்ங்க. இது வெளிய தெரியாது."

லூர்து மஞ்சள் எடுக்கப் போனவள் திரும்பி வர நேரம் ஆயிற்று. மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. வந்து, நாடாவின் நடுவில் ஒரு பொட்டு வைத்தாள். போன தடவையைவிடச் சின்னது. காயட்டும் என்று ஊதினாள்.

நடனம் நன்றாகவே நடந்தது. ஸ்டெல்லா கையை உயர்த்திச் சுழன்ற ஒவ்வொரு முறையும் எங்கள் தெரு ஆட்கள் மேடையைப் பார்க்கவில்லை, வாலின் அடிப்பக்கத்தைத்தான் பார்த்தார்கள். சுத்தமாக இருக்கக் கண்டு தபால்காரர் கைதட்டினார்.

முடிந்ததும் நான் வெளியே ஓவர்கோட்டுகளைக் காவல் காத்தேன். உள்ளே உடை மாற்றும் அறையில் நடந்ததை லூர்துதான் பஸ்ஸில் சொன்னாள். பெண்களுக்கு முதுகுக் கொக்கிகளைக் கழற்றிவிட்டுக்கொண்டே வந்த மிஸ் வேட், ஸ்டெல்லாவின் இடுப்பு நாடாவை அவிழ்த்தபோது நின்றுவிட்டாராம். "அடடா, இவ்வளவு அருமையான வேலையில் ஏதோ கறை பட்டிருக்கிறதே."

"கறை இல்லை மிஸ்" என்றாளாம் ஸ்டெல்லா. "தைத்தவர் போட்ட அடையாளம்."

"யார் தைத்தது?"

"என் அம்மா. இதோ, இவங்கதான்."

மிஸ் வேட் திரும்பி, கைநிறைய ஸ்டெல்லாவின் மாற்று உடைகளோடு சுவரோரம் நின்ற லூர்துவைப் பார்த்து, "நிஜமாகவா? நீங்களேவா?" என்று கேட்டிருக்கிறார்.

"எஸ்ஸுங்க" என்றாளாம் லூர்து.

ஸ்டெல்லா அதைத் திருத்தவில்லையாம்.